தாவும் முன் இறங்கப் பழகுங்கள்

மாலை ஐந்து மணிக்கு உங்கள் ஊர் வாலிபால் கோர்ட்டின் ஓரமாகப் போய் நில்லுங்கள். ஸ்பைக் அடிக்க ஒருவன் எழும்பும்போது எல்லோருடைய கண்ணும் அவன் கையில்தான் இருக்கும். பந்து எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் தரைக்கு வந்துவிடுவான். ஒரு காலில் வந்தானா, இரண்டு காலிலா, முட்டி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பல வருடங்கள் பார்த்ததில்லை.

அப்போது நான் பயிற்சி கொடுத்த பெண்கள் அணியில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். அணியிலேயே உயரமாகத் தாவுவாள். ஒருநாள் வலைக்குப் பக்கத்தில் எழும்பி அடித்துவிட்டு இடது காலில் மட்டும் இறங்கினாள். யாரும் அவளைத் தொடவில்லை. "டக்குன்னு உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு சார்" என்றாள். சுளுக்குதான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். இரவுக்குள் முட்டி வீங்கிவிட்டது. கிழிந்தது ஜவ்வு என்று தெரிய மூன்று வாரம் ஆனது. அவளுக்கு உயரமாகத் தாவக் கற்றுக்கொடுத்தது நான். இறங்கக் கற்றுக்கொடுக்காமல் விட்டதும் நான்தான். இந்த அத்தியாயத்தை எழுதும்போது அவள்தான் என் கண்முன் நிற்கிறாள்.

முட்டிக்குள் என்ன நடக்கிறது

முழங்காலுக்கு நடுவே குறுக்கும் மறுக்குமாக இரண்டு ஜவ்வுகள் ஓடுகின்றன. முன்பக்கத்து ஜவ்வைத்தான் ஏ.சி.எல். என்கிறார்கள். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிவிடாமலும், முட்டி முறுகிவிடாமலும் பிடித்துவைப்பது அதன் வேலை. உடம்பின் எடை முழுவதும் ஒரே காலில் இறங்கி, கால் விறைப்பாக நின்று, பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டு, முட்டி மட்டும் உள்பக்கமாகச் சரிந்தால் அந்த ஜவ்வால் தாங்க முடியாது. யாரும் மோதாமலே அது கிழிவது இப்படித்தான்.

இது எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதுதான் முக்கியம். ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆட்டங்களில் வீராங்கனைகளுக்கு ஜவ்வு கிழிந்த காட்சிகளை ஆராய்ச்சியாளர்கள் சட்டகம் சட்டகமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பாதம் தரையைத் தொட்டு ஏறத்தாழ 40 மில்லி விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கண்ணால் பார்த்ததற்கு உடம்பு பதில் கொடுக்கவே 200 மில்லி விநாடி போல ஆகும். அதனால் "முட்டியைப் பார்த்து இறங்கு" என்று ஓரத்தில் நின்று கத்துவதால் எந்தப் பயனும் இல்லை. கால் காற்றில் இருக்கும்போதே தசைகள் தயாராக இருந்தால்தான் உண்டு. அந்தத் தயார்நிலை பழக்கத்தால் மட்டுமே வரும்.

கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் ஆறு பேராவது இருக்கும்போதுதான் போனஸ் கிடைக்கும். ரெய்டரின் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டிப் பதியும்போது பின்கால் காற்றில் இருக்க வேண்டும். அதாவது, ஒற்றைக் காலில் முழு எடையையும் போட்டு, அடுத்த கணமே பின்னால் திரும்பச் சொல்கிறது விதி. அந்த ஒற்றைக் கால் நடுங்கினால் போனஸும் போகும், முட்டியும் போகலாம். மண்ணில் ஆடி வளர்ந்த பிள்ளைகள் 'மேட்' எனப்படும் விரிப்புக்கு மாறும்போது இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. மண்ணில் பாதம் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூவின் அடிப்பாகம் அப்படியே பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். 2014-ல் புரோ கபடி தொடங்கிய பிறகு மேட்டில் ஆட ஆசைப்படாத பிள்ளை இல்லை. போட்டிக்கு முதல்நாள் மட்டும் மேட்டில் கால் வைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டு வாரமாவது முன்னதாகப் போய்ப் பழகுங்கள். நிற்பதையும் திரும்புவதையும் அங்கே புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

நாலு பேர் மேலே விழுந்து நசுக்குவதால் வரும் காயமும் கபடியில் உண்டு. அதை எந்தப் பயிற்சியாலும் முழுக்கத் தடுக்க முடியாது. தடுக்கக்கூடியதைத் தடுப்போம்.

கணுக்காலையும் இடுப்பையும் பாருங்கள்

முட்டி உள்ளே சரிவதற்குக் காரணம் பல சமயம் முட்டியில் இருப்பதில்லை. கணுக்கால் மடங்க மறுத்தால், குனிந்து இறங்க இடமில்லாமல் பாதம் உள்பக்கமாக விழும், முட்டியும் கூடவே போகும். இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளர்ந்திருந்தால் தொடை எலும்பு உள்ளே சுழலும், முட்டி அதைத் தொடரும். முட்டிக்கு நீ-கேப் மாட்டிவிட்டுக் காரியம் முடிந்தது என்று இருப்பவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

கணுக்காலுக்கு ஒரு சுவர் போதும். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, ஒரு பாதத்தை முன்னால் வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட்டுவிட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடியும் செய்யுங்கள். பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரலும் கட்டைவிரலும் சேர்த்து வைத்த அகலம், ஏறத்தாழ 10 செ.மீ., கிடைத்தால் நல்லது. இரண்டு காலுக்கும் இரண்டு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த காலில் கவனம் வைக்க வேண்டும். பெரும்பாலும் அது எப்போதோ சுளுக்கி, வலி போனதும் மறந்துவிட்ட காலாகத்தான் இருக்கும்.

குறைவாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதே சோதனையையே பயிற்சியாக, ஒரு காலுக்கு 15 முறை வீதம் தினமும் செய்யலாம். கூடவே, குதிகால் தரையில் பதிய முழுக்கக் குந்தி ஒரு நிமிடம் உட்காருங்கள். நம் தாத்தா பாட்டிகள் வயல் வரப்பில் மணிக்கணக்கில் குந்தி இருந்தார்கள். இன்று பன்னிரண்டு வயதுப் பையன் குந்தச் சொன்னால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு தடுமாறுகிறான். முதலில் ஒரு தூணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

இடுப்புக்கு செல்போன் கேமரா வேண்டும். ஒற்றைக் காலில் நின்று, நாற்காலியில் பாதி உட்காருவதுபோல மெதுவாக ஐந்து முறை இறங்கி எழுங்கள். நண்பர் எதிரே நின்று இடுப்பு உயரத்தில் போனைப் பிடித்துப் படம் எடுக்கட்டும். பிறகு ஸ்லோ மோஷனில் பாருங்கள். முட்டி இரண்டாவது விரலுக்கு நேராகப் போகிறதா, பெருவிரலைத் தாண்டி உள்ளே போகிறதா? தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே தொங்குகிறதா? சமநிலைக்காக நெஞ்சு ஒரு பக்கம் சாய்கிறதா? அடுத்ததாக 30 செ.மீ. உயரமுள்ள ஒரு படியிலிருந்து இரண்டு காலிலும் இறங்கி, இறங்கிய உடனே மேலே தாவுங்கள். அதையும் படம் பிடியுங்கள். முதல்முறை தன் படத்தைத் தானே பார்க்கும் பிள்ளைகள் திகைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். "நானா சார் இப்படி இறங்குறேன்?" என்பார்கள்.

சோதனையை ஜாதகமாக்காதீர்கள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தச் சோதனைகளின் பேரில் நிறைய அநியாயம் நடக்கிறது. 2005-ல் அமெரிக்காவில் 205 பெண்களைத் தாவி இறங்கவைத்து அளந்த ஒரு ஆய்வு வெளிவந்தது. பிறகு ஜவ்வு கிழிந்த 9 பேருக்கு, சராசரியாகப் பார்த்தால், இறங்கும்போது முட்டி மற்றவர்களைவிட அதிகமாக உள்ளே சரிந்திருந்தது. உடனே பலரும், இனிமேல் யாருக்கு அடிபடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நம்பினார்கள். ஆனால் நார்வேயில் 700-க்கும் மேற்பட்ட வீராங்கனைகளை வைத்து இதேபோல் சோதித்தபோது அந்தக் கணிப்பு எடுபடவில்லை. ஏழு அசைவுகளுக்கு மொத்தம் 21 மதிப்பெண் போடும் எஃப்.எம்.எஸ். சோதனையும் உலகெங்கும் பரவியது. 14 அல்லது அதற்குக் கீழே எடுத்தால் ஆபத்து என்றார்கள். அந்தக் கோடும் உறுதியாக நிற்கவில்லை. இத்தகைய சோதனைகளால் காயத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது, இனியும் முடியாமல் போகலாம் என்று நார்வே மருத்துவர் ரோல்ட் பார் 2016-ல் வெளிப்படையாக எழுதினார்.

அப்படியானால் எதற்குப் படம் எடுக்கச் சொன்னேன்? எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. முட்டி உள்ளே சரிகிறது என்று சொல்லி ஒரு பெண்ணை அணியிலிருந்து நீக்குவது தவறு. சரியாமல் இறங்குகிறாள் என்று சொல்லி இன்னொருத்தியைப் பயிற்சியிலிருந்து விட்டுவிடுவதும் தவறு. காயம் யாரை எப்போது பிடிக்கும் என்று தெரியாத வரை எல்லோருக்கும் கற்றுக்கொடுப்பதுதான் ஒரே வழி.

இறங்கும் பயிற்சி

முதல் இரண்டு வாரம் தாவவே வேண்டாம். குதிகாலை உயர்த்தி, கைகளை மேலே தூக்கி நில்லுங்கள். சட்டென்று கைகளைக் கீழே வீசி, இடுப்பைப் பின்னால் தள்ளி, பாதி குந்திய நிலைக்கு வந்து நில்லுங்கள். மூன்று எண்ணும்வரை ஆடாமல் இருக்க வேண்டும். ஐந்து முறை செய்து ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று சுற்று. வாரத்துக்கு மூன்று நாள் போதும். பிள்ளைகளுக்கு இது சலிப்பாக இருக்கும். பரவாயில்லை, மொத்தம் ஐந்து நிமிட வேலைதான்.

மூன்றாவது வாரம் படியிலிருந்து இறங்கலாம், முன்னால் தாவி நிற்கலாம். இங்கே நீங்கள் சொல்லும் வார்த்தைதான் எல்லாம். "தொடையை இறுக்கு, இடுப்பைச் சுழற்று, முட்டியை வெளியே தள்ளு" என்று உறுப்பு உறுப்பாகச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிப் பொம்மை மாதிரி விறைத்து நிற்கிறார்கள். உடம்புக்கு வெளியே ஒரு குறியைக் கொடுத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது இரண்டே வாக்கியம்: "இறங்குற சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது." "முட்டி ரெண்டாவது விரலைப் பாக்கட்டும்." சத்தம் குறைய வேண்டுமென்றால் கணுக்கால், முட்டி, இடுப்பு மூன்றும் சேர்ந்து மடங்கியே ஆக வேண்டும். அதை நீங்கள் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது வாரத்தில் ஒற்றைக் கால். முன்னால் ஒரு அடி தாவி ஒற்றைக் காலில் இறங்கி, மூன்று எண்ணும்வரை நிற்க வேண்டும். பிறகு பக்கவாட்டில். பிறகு கால்பங்கு திரும்பியபடி. கடைசியாக, இறங்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் தோளில் லேசாகத் தட்ட வேண்டும், அல்லது பந்தை எறிந்து பிடிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் யாரும் இறங்குவதை நினைத்துக்கொண்டு இறங்குவதில்லை. கவனம் வேறெங்கோ இருக்கும்போதும் முட்டி நேராக நின்றால்தான் பழகிவிட்டது என்று பொருள். எந்தக் கட்டத்திலும் முட்டி உள்ளே போகத் தொடங்கினால் அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்திவிடுங்கள். களைப்போடு தப்பாகச் செய்யும் பத்து முறை தப்பைத்தான் பழக்கும்.

ஓடி நிற்பதும் இறங்குவதற்குச் சமம்தான். பத்து மீட்டர் ஓடி, கோட்டுக்கு முன்னால் ஒரே எட்டில் காலை நீட்டி ஊன்றி நிற்காமல், மூன்று சிறு எட்டுகளில் இடுப்பைத் தாழ்த்தி நிற்கப் பழக்குங்கள். இதைக் காயத்தைத் தடுப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நல்ல ரெய்டரின் வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அவர் காலை உற்றுப் பாருங்கள், வேகத்தைச் சட்டென்று அடக்கத் தெரிந்ததால்தான் எதிரணி ஏமாந்து முன்னால் வருகிறது. தாழ்வாக நிற்பவரால் எந்தப் பக்கமும் கிளம்ப முடியும். விறைத்து நிற்பவர் முதலில் குனிய வேண்டும், அதற்குள் கணுக்காலைப் பிடித்துவிடுவார்கள்.

வலு இல்லாமல் முறை நிற்காது

எவ்வளவு அழகாக இறங்கக் கற்றாலும் இரண்டாவது பாதி ஆட்டத்தில் தசை களைத்தால் பழையபடி ஆகிவிடும். தோப்புக்கரணமும் பஸ்கியும் நல்லவை, ஆனால் அவை தொடையின் முன்பக்கத்தைத்தான் அதிகம் வளர்க்கின்றன. பின்தொடைக்கும் உள்தொடைக்கும் தனியாக வேலை கொடுக்க வேண்டும்.

பின்தொடைக்கு நார்டிக் பயிற்சி. முட்டி போட்டு நில்லுங்கள், முட்டிக்கடியில் மடித்த துண்டு இருக்கட்டும். நண்பர் உங்கள் இரண்டு கணுக்கால்களையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். முட்டியிலிருந்து தலைவரை ஒரே நேராக வைத்துக்கொண்டு முன்னால் மெதுவாகச் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றி விழுந்து, கையாலேயே தள்ளி எழுந்துகொள்ளுங்கள். சாயும்போது எவ்வளவு மெதுவாகப் போகிறீர்களோ அவ்வளவு பலன். முதல் வாரம் ஒரே நாள், ஐந்து முறை வீதம் இரண்டு சுற்று, அதற்குமேல் வேண்டாம். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாத அளவுக்கு வலித்தால் பிள்ளைகள் இதன் பக்கமே வரமாட்டார்கள். இரண்டாவது வாரம் இரண்டு நாள், மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று நாள் என்று ஏற்றிக்கொள்ளலாம். இந்த ஒரே பயிற்சியைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் பின்தொடைத் தசைக் காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உள்தொடைக்கு கோபன்ஹேகன் பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றுங்கள். மேல்காலை நண்பர் தன் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்ளட்டும். கீழ்க்காலை மேல்காலோடு சேரும்வரை தூக்கி இறக்குங்கள், கூடவே இடுப்பும் எழும்பும். நார்வே கால்பந்து அணிகளில் இதைச் செய்தவர்களுக்குத் தொடையிடுக்குத் தொல்லை ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. பாரிஸில் 2024-ல் 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி வென்ற நீரஜ் சோப்ரா, அந்தப் பருவம் முழுக்கத் தொடையிடுக்குத் தசைத் தொல்லையோடுதான் எறிந்தார். உலகத்தரப் பயிற்சி கிடைக்கும் வீரரையே படுத்தும் இடம் அது. காலை அகல நீட்டித் தொட்டுத் தொட்டு மீளும் கபடி ரெய்டருக்கு அந்த இடம் எவ்வளவு தேய்மானம் காணும் என்று யோசித்துப் பாருங்கள்.

இருபது நிமிடம்

இவை எல்லாவற்றையும் ஒரே வார்ம்-அப்பில் சேர்த்த ஒரு திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஃபிஃபாவின் மருத்துவ மையமும் ஆஸ்லோ விளையாட்டுக் காய ஆராய்ச்சி மையமும் மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கிய "11+". மெது ஓட்டம், பிறகு வலு, சமநிலை, தாவல், கடைசியில் வேக ஓட்டம். மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 125 சங்கங்களைச் சேர்ந்த 13 முதல் 17 வயதுவரையான 1,892 பெண்களை வைத்துச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் பாதிக்குக் கிட்டவும் குறைந்திருந்தன. ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் பலன் அதிகம். எப்போதாவது செய்தவர்களுக்குக் குறைவு.

கால்பந்துக்காகச் செய்ததை அப்படியே கபடிக்கோ வாலிபாலுக்கோ எடுக்க வேண்டியதில்லை. ஓட்டத்தை அளவாக வைத்து, மேலே சொன்ன இறங்கும் பயிற்சியையும் நார்டிக், கோபன்ஹேகனையும் நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். விளையாடும் முன் ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கும் மேல் காலை நீட்டிப் பிடிக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது அந்த நேரத்துக்குத் தசையின் வலுவைக் கொஞ்சம் குறைக்கும். ஆட்டம் முடிந்த பிறகு தாராளமாகச் செய்யலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இதை 11, 12 வயதிலேயே தொடங்குங்கள். பருவ வளர்ச்சியில் எலும்பு மளமளவென்று நீளும், வலு அந்த வேகத்துக்கு ஏறாது. பெண்களுக்கு ஏ.சி.எல். கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம் என்பதும் உண்மை. இதைச் சொன்னதும் சில பெற்றோர், "அப்ப விளையாட்டே வேணாம் சார்" என்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். பயிற்சி கொடுத்தால் குறையும் ஆபத்துக்கு விளையாட்டை நிறுத்துவது மருந்தாகாது.

தேர்வு விடுமுறைக்குப் பின் வருபவர்களைப் பழைய அளவுக்கு உடனே ஓடவிடாதீர்கள். இரண்டு வாரம் பாதி அளவில் தொடங்கட்டும்.

அடிபட்டுவிட்டால்

உள்ளே சத்தம் கேட்டது என்று சொன்னாலோ, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது முட்டி நழுவுகிறது என்றாலோ அதைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு இழுத்துவிடாதீர்கள். ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வைத்து, எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அறுவை சிகிச்சை நடந்தால் ஒன்பது மாதமாவது ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. திரும்புவதை ஒன்பது மாதம்வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை நார்வே ஆய்வு ஒன்று கண்டது. மண்டலப் போட்டி வருகிறது, ஒரே ஒரு மேட்ச்தான் என்று கேட்பார்கள். சம்மதிக்காதீர்கள்.

நாளை மாலை பந்தைப் பையிலிருந்து எடுக்கும் முன் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவராக ஐந்து முறை தாவி இறங்கச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பி நின்று சத்தத்தை மட்டும் கேளுங்கள். தரை அதிரும்படி இறங்குபவர் யார் என்று தெரிந்ததும் அவர் பக்கத்தில் போய் நின்று பயிற்சியைத் தொடங்குங்கள்.